மூன்றாவது ஷிஃப்டும் மூளையின் கடிகாரமும்

வானகரத்திலிருந்து அம்பத்தூர் போகும் சாலை அயனம்பாக்கம் வழியாகத்தான் போகிறது. ராப்பகலாக ஓயாத சாலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்துவிடும். ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையோடு முனையில் நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸே, ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றவர்களைக் கொண்டுவந்து இறக்கும். கொஞ்ச நேரத்தில் நைட் டியூட்டி முடித்த நர்ஸ்கள் வருவார்கள். சாயங்காலம் வீடுகளில் விளக்குப் போடும் நேரத்துக்கு ஐ.டி. கம்பெனி கேப்கள் வந்து ஹார்ன் அடிக்கும். 1960களில் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தொடங்கி, 2024 நவம்பரில் பட்டாபிராமில் திறந்த 21 மாடி டைடல் பார்க் வரைக்கும், மேற்குச் சென்னைப் புறநகர் கடிகாரத்தின் எல்லா மணிகளையும் வேலை நேரமாக்கி வைத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வழக்கம் இந்தியாவில் இல்லை. ஆனாலும் அமெரிக்க வாடிக்கையாளருக்காக வேலை பார்க்கும் அம்பத்தூர்க்காரரின் ஷிஃப்ட், மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு வந்தால் ஒரு மணி நேரம் முன்னே வந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு வந்தால் பின்னே போகும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது அவர்களுடைய கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பூமியின் அந்தப் பக்கத்தில் முள்ளைத் திருப்பினால், அயனம்பாக்கத்தில் ஒரு குடும்பம் ராத்திரி சாப்பிடும் நேரம் மாறுகிறது.

வேலையிடத்து மனநலம் என்று பேச்செடுத்தால் திட்டுகிற மேனேஜர், மூச்சுமுட்டும் டார்கெட், வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லாம் உடனே நினைவுக்கு வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் யாரும் குறை சொல்ல நினைக்காத இன்னொரு காரணம் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது: ஷிஃப்ட் சார்ட். ஒருவர் எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், யாரோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தத் தாள்தான். அது மனதுக்குள் எப்படி இறங்குகிறது என்பதை உயிரியல் விஞ்ஞானிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கண்டுபிடிப்பில் மதுரைக்கும் பங்கு உண்டு.

இருபதாயிரம் செல்கள்

இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடிப்பக்கத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்த இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், அரிசிமணியைவிடச் சிறியதாக ஒரு ஜோடி நரம்புக் கொத்து இருக்கிறது. மொத்தம் சுமார் 20,000 செல்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் இதுதான்.

இந்தக் கடிகாரத்துக்குப் பல்சக்கரம் கிடையாது, புரதம்தான். செல்லுக்குள் ஒரு மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. அந்தப் புரதம் சேரச் சேர, தன்னைத் தயாரிக்கச் சொன்ன மரபணுவையே போய் நிறுத்திவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து குறைகிறது, தடை விலகுகிறது, மறுபடி தயாரிப்பு தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒரு முறை முடிய ஏறத்தாழ ஒரு நாள். பழ ஈக்களை வைத்து இந்த நுட்பத்தை அவிழ்த்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இங்கே ‘ஏறத்தாழ’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1999இல் ஹார்வர்டின் சார்லஸ் சைஸ்லர் குழு அளந்து பார்த்தபோது, மனிதரின் உட்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றியது. அப்படியே விட்டால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்திக்கொண்டே போகும். அதைத் தினமும் இழுத்துப் பிடித்துச் சரியான மணிக்கு வைப்பது வெளிச்சம். அதற்காகவே கண்ணின் விழித்திரையில் தனிவகைச் செல்கள் இருக்கின்றன என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதியானது. உருவங்களைக் காட்டுவது அவற்றின் முதல் வேலை அல்ல. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்டு, குறிப்பாக நீல வெளிச்சத்தை அளந்து ‘இப்போது பகல்’ என்று கடிகாரத்துக்குச் சேதி சொல்வதுதான் அவற்றின் வேலை. பார்வையே இல்லாத சிலருக்குக்கூட இந்தச் செல்கள் மட்டும் வேலை செய்வதால், அவர்களுடைய உடம்புக்குப் பகலிரவு தெரிகிறது.

சேதி கிடைத்ததும் கடிகாரம் உடம்புக்கே உத்தரவு போடுகிறது. ராத்திரியில் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. உடம்பின் சூடு மெல்லக் குறைந்து விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில் அடிமட்டத்தைத் தொடுகிறது. எழுந்திருக்கும் நேரம் நெருங்கும்போது கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறி, நாளைச் சந்திக்கத் தயாராக்குகிறது. கல்லீரல், குடல், தசை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கடிகாரம் உண்டு. பொதுவாக அவை தலைமைக் கடிகாரத்தின் பேச்சைக் கேட்டு நடக்கும். ஆனால் கல்லீரலுக்கு இன்னொரு எஜமானும் இருக்கிறது: சாப்பாட்டு நேரம்.

நைட் ஷிஃப்ட் என்பது இந்தக் கடிகாரங்களைச் சண்டையிட வைக்கும் ஏற்பாடு. தலைமைக் கடிகாரம் காலை வெயிலைப் பார்த்து ‘பகல்’ என்கிறது. நள்ளிரவு ஒரு மணிக்குக் கேன்டீனில் சாப்பிட்ட பரோட்டாவைப் பார்த்துக் கல்லீரல் ‘இதுதான் பகல்’ என்கிறது. மெஷினோ, கம்ப்யூட்டர் திரையோ, ஆஸ்பத்திரி வார்டோ, மூன்றாவதாக ஒரு மணி சொல்கிறது.

இருட்டில் மணி தெரிந்த வௌவால்கள்

வெளிச்சமே வராத இடத்தில் கடிகாரம் என்ன செய்யும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் தலைமையில் இயங்கிய குழு இந்தக் கேள்வியை வௌவால்களிடம் கேட்டது. மதுரை வட்டாரக் குகைகளில் சிறிய பூச்சி தின்னும் வௌவால் இனம் ஒன்று கூட்டமாக வாழ்கிறது. குகையின் உட்பகுதியில் எப்போதும் ஒரே இருட்டு. சூடும் ஈரப்பதமும்கூடப் பெரிதாக மாறுவதில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் கூட்டம் வெளியே பறந்து போகிறது, விடிவதற்குள் திரும்புகிறது.

ஜி. மாரிமுத்துவும் சகாக்களும் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்துக் குகையின் இருட்டுக்குள்ளேயே வைத்து, அது எப்போதெல்லாம் சிறகடிக்கிறது என்று பதிவு செய்தார்கள். கூண்டு வௌவாலால் வெளியே போய் அந்தியைப் பார்க்க முடியாது. ஆனாலும் வெளியே போய்வரும் கூட்டத்தோடு சேர்ந்து அதே நேரத்துக்கு அதுவும் பரபரத்தது. கூட்டம் இல்லாத இருட்டில் தனியாக வைத்தபோது, அதன் நாள் மெல்ல மெல்ல 24 மணி நேரத்திலிருந்து விலகித் தன் போக்கில் போனது. அதாவது வெளியே போய்வந்த சொந்தக்காரர்களின் சலசலப்பே உள்ளே இருந்ததற்கு மணி சொல்லியிருக்கிறது. 1981இல் வெளியான இந்த ஆய்வு, ஓர் உயிரின் உட்கடிகாரத்தை வெளிச்சம் மட்டுமல்ல, கூட இருப்பவர்களும் திருத்தி வைக்கலாம் என்பதற்குச் சான்றாக உலகெங்கும் எடுத்துச் சொல்லப்பட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்கும் ஒரு தனிமை அறை அமைத்தார்கள். ஜன்னல் கிடையாது, கடிகாரம், வானொலி, நாளிதழ் எதுவும் கிடையாது. தன்னார்வலர் நாள்கணக்கில் உள்ளே தங்கி, தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துக்கொள்ளலாம், விழித்தால் போட்டுக்கொள்ளலாம். அப்படி நீண்ட காலம் இருந்தவர்களில் சிலருக்கு ஒரு விசித்திரம் நடந்தது. அவர்கள் தூங்கி விழிக்கும் சுற்று ஒரு பக்கம் போக, உடம்புச் சூட்டின் சுற்று வேறு பக்கம் போனது. ஒரே உடம்புக்குள் இரண்டு வெவ்வேறு நாள்கள் ஓடின. ஜெர்மனியில் யூர்கன் ஆஷோஃப் 1960களில் பாதாள அறைகளில் கண்டதையே மதுரையும் கண்டது.

அந்தத் தன்னார்வலர்கள் விரும்பிப் போய் அறைக்குள் உட்கார்ந்தவர்கள். அம்பத்தூரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் விரும்பாமலே அந்த நிலைக்குத் தள்ளப்படுகிறார். சார்ட் அவரை எழுப்பி வைத்திருக்கும் நேரத்தில் அவருடைய உடம்புச் சூடு அடிமட்டத்தில் கிடக்கிறது.

பகலில் ஒரு தூக்கம்

காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, வண்டி பிடித்து, ஏழு மணிக்கு அயனம்பாக்கத்தில் இறங்குகிறவரைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்க்கலாம். ஆலைக்குள்ளோ ஆபீசுக்குள்ளோ இருக்கும் வெளிச்சம் பொதுவாகச் சில நூறு லக்ஸ். வெளியே வெயில் ஏறிய காலையில் அது பத்தாயிரத்தைத் தாண்டும். வீட்டுக்கு நடக்கும் சில நிமிடங்களிலேயே கண்ணின் அந்தத் தனிவகைச் செல்கள் மூளையைத் தட்டி எழுப்பிவிடுகின்றன. இட்லி சாப்பிட்டுவிட்டு, ஜன்னலுக்குப் பழைய போர்வையைத் தொங்கவிட்டுப் படுக்கிறார். அசதியில் தூக்கம் உடனே வரும். ஆனால் உடம்புச் சூடு ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது; ஐந்தாறு மணி நேரத்தில் தானாகவே விழிப்பு தட்டும். அதற்குள்ளும் குப்பை வண்டியின் பாட்டு, மிக்ஸி, குக்கர் விசில், தண்ணீர் லாரியின் மோட்டார், கூரியர்காரர் அடிக்கும் காலிங் பெல்.

இவரே பெண்ணாக இருந்தால் கதை வேறு. பெண்கள் ஆலையில் இரவு வேலை பார்க்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ரத்து செய்தது. வேலை வாய்ப்பில் அது நியாயமான தீர்ப்பு. ஆனால் வீட்டு வேலையில் யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டுக்கான அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம்; ஆண்கள் 88 நிமிடம். நைட் முடித்து வரும் பெண் படுக்கைக்குப் போகும் வழியில் அடுப்படி இருக்கிறது.

தூக்கம் குறைந்தால் அசதி மட்டும்தான் என்று நினைக்கிறோம். அது மனதைத் தொடும் இடமே வேறு. மூளையில் அமிக்டாலா என்ற பகுதி ஆபத்தையும் வெறுப்பையும் உடனுக்குடன் உணர்ந்து எச்சரிப்பது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் அதை ‘சரி, விடு’ என்று அடக்கி வைக்கும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு ராத்திரி தூங்காமல் வைக்கப்பட்டவர்களுக்கு மனதைக் கலங்கடிக்கும் படங்களைக் காட்டியபோது, நன்றாகத் தூங்கியவர்களைவிட அமிக்டாலாவின் பரபரப்பு 60 சதவீதம் அதிகமாக இருந்தது. முன்மூளையோடு அதற்கிருந்த பிடிப்பும் தளர்ந்திருந்தது. ‘ஏன் லேட்?’ என்று சூப்பர்வைசர் சாதாரணமாகக் கேட்டது மாலையில் வீட்டுச் சண்டையாக வெடிப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

ஒரு ராத்திரி என்றால் பரவாயில்லை, வருடக்கணக்கில் தொடர்ந்தால்? 28,000க்கும் மேற்பட்டவர்களைக் காலப்போக்கில் பின்தொடர்ந்த ஏழு ஆய்வுகளை 2019இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 33 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் பாதிப்பு இன்னும் அதிகம்.

இதைவிட ஆச்சரியம் 2022இல் பாஸ்டனில் கிடைத்தது. 19 பேரை ஆய்வுக்கூடத்தில் வைத்து, நைட் ஷிஃப்ட் பார்ப்பதைப் போல அவர்களுடைய தூக்க நேரத்தைப் புரட்டினார்கள். ஒரு பிரிவினர் பகலிலும் இரவிலும் சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் இரவில் விழித்திருந்தாலும் பகலில் மட்டுமே சாப்பிட்டார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு போன்ற உணர்வு 26 சதவீதமும் பதற்றம் போன்ற உணர்வு 16 சதவீதமும் கூடின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களிடம் அந்த உயர்வே இல்லை. சிறிய ஆய்வுதான்; அதை வைத்துக்கொண்டு நாளைக்கே கேன்டீனைப் பூட்டிவிட முடியாது. ஆனால் கல்லீரலின் கடிகாரமும் மூளையின் கடிகாரமும் முரண்படும்போது மனதும் தள்ளாடக்கூடும் என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

வீடு திரும்பும் பயணத்தையும் மறக்கக் கூடாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைகால் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் எல்லையே 0.03 சதவீதம்தான். பகலில் சரியாகத் தூங்காமல் நைட்டுக்குப் போய், விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர் ஒரு சொட்டு குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியவராக இருக்கலாம். ஊதச் சொன்னால் மெஷின் பூஜ்ஜியம்தான் காட்டும்.

யோகா வகுப்பு எவ்வளவு தூரம்?

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. மனநலத்துக்கென்று பல நிறுவனங்கள் இப்போது செலவு செய்கின்றன: தியானம் கற்றுத்தரும் ஆப், யோகா வகுப்பு, ‘மன உறுதியை வளர்ப்பது எப்படி’ என்று ஒரு மணி நேரப் பயிற்சி. இவை பலன் தருகின்றனவா என்று ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்கள். இப்படிப்பட்ட வகுப்புகளில் கலந்துகொண்டவர்களின் மனநலம், கலந்துகொள்ளாதவர்களைவிட மேலாக இல்லை. விதிவிலக்காகத் தெரிந்தது ஒன்றே: பிறருக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பு. 

யோகா கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. சிக்கல் வேலையின் அமைப்பில் இருக்கும்போது, தீர்வை மட்டும் ஊழியரின் தலைக்குள் தேடுவது பாதி வேலை என்றுதான் பொருள். உலகச் சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அமைப்பை மாற்றுவதைத்தான் முதலில் வைக்கிறது: வேலைச் சுமை, வேலை நேரம், தன் வேலையில் தனக்கு இருக்கும் பிடி. அதற்குப் பிறகு மேலாளர்களுக்குப் பயிற்சி, பிறகு தனி ஊழியருக்கான உதவி. 

‘பிடி’ என்பது சாதாரண விஷயமில்லை. லண்டனில் வைட்ஹால் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த ஆய்வில், இதயநோயால் அதிகம் இறந்தவர்கள் பெரிய பொறுப்பைச் சுமந்த உயர் அதிகாரிகள் அல்ல, கடைநிலை ஊழியர்கள். புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள், வேலையில் எதையும் தானாக முடிவு செய்ய முடியாத நிலையை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டின. வேலை கடினமாக இருந்தால் மட்டும் மனம் நொறுங்குவதில்லை; கடினமான வேலையில் தன் சொல் எடுபடாதபோதுதான் நொறுங்குகிறது என்று 1979இல் ராபர்ட் கராசெக் சொன்னதும் இதுதான். அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்கிறவருக்கு, தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்று தெரியாத கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு, இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சார்ட்டை வேறு மாதிரி எழுதலாம்

நைட் ஷிஃப்டை ஒழிக்க முடியாது. ஆஸ்பத்திரி ராத்திரியில் மூடாது. உலையை அணைத்து அணைத்து எரிக்க முடியாது. ஆனால் அதே மூன்று ஷிஃப்டை உடம்புக்குக் குறைந்த சேதத்தோடு அடுக்க முடியும் என்பதற்கு 1982ஆம் ஆண்டிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு கனிமத் தொழிற்சாலை. ஆட்களை வாரத்துக்கு ஒரு முறை பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தது: நைட், பிறகு மாலை, பிறகு காலை. சைஸ்லர் குழு அதைத் திருப்பிப் போட்டது: காலை, பிறகு மாலை, பிறகு நைட். வாரத்துக்குப் பதிலாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றம். ஆட்களின் திருப்தியும் உடல்நலமும் கூடின, வேலையை விட்டுப் போவது குறைந்தது, உற்பத்தியும் ஏறியது.  மாறியது சார்ட்தான்.

காரணம் அந்த 11 நிமிடம். நம் உட்கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீளமானது என்பதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்குச் சுலபம். முன்னே இழுப்பது சிரமம். ஒரே அளவு நேர வித்தியாசத்தில், மேற்கே பறக்கிறவரைவிடக் கிழக்கே பறக்கிறவர் தூக்கத்துக்கு அதிகம் திண்டாடுவதும் இதனால்தான். கடிகாரம் ஒரு நாளில் நகரக்கூடியது ஒரு மணி நேரம் வாக்கில்தான். எட்டு மணி நேரம் தள்ளிய ஷிஃப்டுக்கு அது பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாராவாரம் ஷிஃப்ட் மாற்றினால், பழகி முடிக்கும் நேரத்தில் பலகையைத் திருப்பிவிடுகிறோம்.

மற்றவையும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நைட்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சம், கடைசி நேரத்தில் குறைந்த வெளிச்சம். முக்கியச் சாப்பாட்டை ஷிஃப்டுக்கு முன்பே முடித்துவிட்டு, நடுராத்திரியில் லேசாக ஏதாவது. நடுவில் இருபது நிமிடம் கண்ணயர ஓர் அறை. அதற்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பது. விடியலில் பைக்குக்குப் பதில் கம்பெனி வண்டி. ஒரு மாதத்துக்கு முன்பே சார்ட்டை ஒட்டிவிடுவது. இருவர் பேசி மாற்றிக்கொள்ள அனுமதிப்பது. நைட்டில் ஒரே ஆளைத் தனியாக ஒரு மூலையில் உட்கார வைக்காமல், தெரிந்தவர்களை ஒரே குழுவாகவே சுழற்றுவது. மனிதர் வௌவால் அல்ல. நம் கடிகாரத்தைத் திருப்புவதில் வெளிச்சத்துக்குத்தான் முதலிடம். ஆனால் ஊரே விழித்திருக்கும்போது தூங்கி, ஊரே தூங்கும்போது விழித்திருப்பவருக்கு, தன் நேரத்தில் வாழும் இன்னும் நாலு பேர் பக்கத்தில் இருப்பது மனதுக்குப் பெரிய துணை.

சட்டத்துக்கும் இந்த உடம்பைப் பற்றிய ஞாபகம் கொஞ்சம் இருந்திருக்கிறது. நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட் பார்ப்பவரின் வார விடுமுறை, அவருடைய ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு எழுதிவைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நைட் முடிந்தவர், திங்கள் காலை ஆறு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வந்து நின்றாலும் சட்டப்படி அவருக்கு லீவு கொடுத்தாகிவிட்டது. அந்த 24 மணியில் ஐந்தாறு மணி பகல் தூக்கத்தில் போயிருக்கும். ராத்திரித் தூக்கம் வந்திருக்காது. 

நேரத்துக்காகப் போராடுவது சென்னைக்குப் புதிதல்ல. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றவர்கள் 1918 ஏப்ரல் 27இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குப் பின்னால், பெரம்பூர் பக்கத்து பின்னி ஆலைகளில் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்ற குமுறல் இருந்தது. 2021இல் கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சாப்பாட்டு நேரம், உட்காரும் நேரம், வேலை நேரம் என்று கேட்டபோது யாரும் அதை மனநலக் கோரிக்கை என்று சொல்லவில்லை. ஆனால் அவை எல்லாமே மனநலக் கோரிக்கைகள்தான்.

வேலை என்பது மனதுக்கு எதிரியும் அல்ல. அயனம்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லாத அண்ணாநகர் மேற்கு விரிவில் இருக்கிறது, மனநலப் பணி செய்யும் ஸ்கார்ஃப் அமைப்பு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்தவருமான டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியது. மனச்சிதைவு நோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்குத் தொழிற்பயிற்சி தருவதை அவர் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதினார். நேரத்துக்கு எழுவது, நாலு பேரோடு சேர்ந்து செய்வது, மாதம் ஒரு தொகை கையில் வாங்குவது எல்லாம் கலைந்த மனதுக்கு ஒரு ஒழுங்கைத் திரும்பத் தருகின்றன. வேலைக்கு மனதைத் தேற்றும் சக்தி இருப்பதால்தான், தவறாக அடுக்கிய வேலைக்கு அதைக் குலைக்கும் சக்தியும் இருக்கிறது.

ஏற்கெனவே குலைந்துபோனவர், சார்ட் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், லீவு நாளிலும் தூக்கம் வராமல், உயிர் வாழ்வதே சுமையாகத் தோன்றினால் அது சோம்பலோ பலவீனமோ அல்ல; மருத்துவரிடம் போக வேண்டிய நோய். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம். நைட் ஷிஃப்டின் நடுவிலும் எடுப்பார்கள். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கம்பெனி போட்டுக்கொடுத்த பாலிசியில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எச்.ஆரிடம் கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

அக்டோபர் 10 உலக மனநல நாள். 2024இல் அதன் கருப்பொருளே வேலையிடத்து மனநலம்தான். அந்த நாளில் பல ஆபீஸ்களில் பேச்சாளரை அழைத்து, ஊழியர்களை உட்காரவைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். இழுத்து விடட்டும். முடிந்ததும் கடைசி மூன்று மாதத்து ஷிஃப்ட் சார்ட்டை மேஜைமேல் விரித்துச் சில கேள்விகள் கேட்டால் போதும்: யார் பின்னோக்கிச் சுழல்கிறார்? யாருக்கு ஒரே நாள் முன்பு சேதி போயிருக்கிறது? யாருக்கு வாரவிடுமுறையில் ஒரு முழு ராத்திரித் தூக்கம் கிடைக்கவில்லை? பதில்கள் பெயரோடு வரும். அந்தப் பெயர்களின் வரிசையை அன்றே திருத்திப் போட ஒரு பேனா போதும்.